ஆற்றங்கரையில் ஒரு சிறு வனம்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தலங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், ஊர்ப் பட்டியலைப் படிப்பதுபோல் இராது. ஒரு பெரிய வனத்துக்குள் நடந்து செல்வதுபோல் இருக்கும். ஆலமரங்கள் அடர்ந்த இடம் திருவாலங்காடு. வடமொழியில் அதுவே வடாரண்யம். வேல மரங்கள் செறிந்த இடம் திருவேற்காடு. மூங்கிலுக்குப் பாசு என்று ஒரு பெயர் உண்டு. மூங்கில் காட்டில் இறைவன் வெளிப்பட்ட ஊர் திருப்பாசூர். முல்லைக்கொடி படர்ந்த இடம் திருமுல்லைவாயில். வீரராகவப் பெருமாள் பள்ளிகொண்டருளும் திருஎவ்வுள் என்னும் திருவள்ளூருக்கே வீக்ஷாரண்யம் என்பது புராணப் பெயர். ஆரண்யம் என்றால் காடு.

ஆக, இந்த மண்ணில் கோயில் பிறகு வந்தது. மரம் முன்னே நின்றது. கருங்கல் திருப்பணி தொடங்குவதற்கு முன்பு இறைவனுக்கு விதானமாக விரிந்தவை கிளைகளே.

வெட்டிய வாள் பட்ட இடம்

திருப்பாசூர்த் தல வரலாற்றையும் திருமுல்லைவாயில் தல வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அன்பர்களுக்கு ஓர் ஒற்றுமை புலப்படும். திருப்பாசூரில், மூங்கில் புதருக்குள் பசு ஒன்று தானாகவே பால் சொரிந்தது. காரணம் அறிய விரும்பியவர்கள் வாச்சி என்னும் கருவியால் மூங்கிலை வெட்டினார்கள். வெட்டு உள்ளே இருந்த சிவலிங்கத்தின்மீது பட்டது. அதனால் சுவாமிக்கு வாசீசுவரர் என்று திருநாமம். திருமுல்லைவாயிலில், தொண்டைமான் ஏறிவந்த யானையின் கால்களை முல்லைக்கொடி பிணைத்துக்கொண்டது. மன்னன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். அந்த வாளும் உள்ளே மறைந்திருந்த பெருமானின் திருமேனியில் பட்டது. மன்னன் பதறினான், தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தான். இறைவன் வெளிப்பட்டுத் தடுத்தருளினார். அவரே மாசிலாமணியீசுவரர்.

இரண்டு ஊர்களிலும் வெட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒருவருக்கு உண்மை தெரிய வேண்டியிருந்தது. மற்றவருக்கு வழி வேண்டியிருந்தது. இன்றும் மரம் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான். ஒன்று, இடம் தேவைப்படுகிறது. மற்றொன்று, வழி தேவைப்படுகிறது. ஆனால் வெட்டிய பின்பு பதறும் மனம் மட்டும் அந்தப் பழங்கதையோடு நின்றுவிட்டது.

இரண்டு ஆறுகள், ஒரு தாகம்

இந்த மாவட்டத்தின் உயிர்நாடிகளாக ஓடுபவை கொசஸ்தலையாறும் ஆரணியாறும். கொசஸ்தலை பூண்டி வழியாக வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகிறது. ஆரணியாறு ஆந்திர மலைகளில் பிறந்து, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இரண்டிலும் மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அவை தாங்கள் யார் என்பதைக் காட்டும். 2015-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் பெய்த பெருமழையில் கரையோர ஊர்கள் பட்ட துன்பம் மறக்கக்கூடியதன்று.

கொசஸ்தலைக் கரையின் பழமைக்கு எல்லை காண்பது அரிது. பூண்டிக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. அரசனும் ஆலயமும் ஊரும் பேரும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, நீரும் நிழலும் ஒருங்கே கிடைத்த காரணத்தால் மனித இனம் தங்கிய கரை இது.

அதே கரையில்தான் சுந்தரர் பெருமான் கண்ணொளி இழந்த நிலையில் வந்து நின்ற திருவெண்பாக்கம் இருந்தது. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறி அவர் புறப்பட்டார். ஊர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன. வெண்பாக்கத்தில் இறைவன் அவருக்குக் கண்ணைத் தரவில்லை. ஊன்றுகோல் ஒன்றைத் தந்தருளினார். சுவாமிக்கு ஊன்றீசுவரர் என்ற திருநாமம் வந்தது இதனால்தான். சாட்சியாக நின்றது ஒரு மரம் என்பதும், அந்த மரத்தின் முன் சொன்ன சொல்லைக் கோயிலுக்குள் சொன்ன சொல்லுக்குக் குறைவாக இறைவன் கருதவில்லை என்பதும் இங்கே நினைக்கத் தக்கவை.

சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலையின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. 1940-ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. 1944-ஆம் ஆண்டில் முடிந்தது. அதற்காகப் பாடுபட்ட சென்னை மேயர் தீரர் சத்தியமூர்த்தியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பணி நிறைவைக் காண அவர் இருக்கவில்லை, 1943-லேயே காலமாகிவிட்டார். திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் நீர்பிடிப்புப் பகுதிக்குள் போயிற்று. ஊன்றீசுவரர் பூண்டிக்கு எழுந்தருளினார். நகரத்தின் தாகம் தீர ஒரு தலமே இடம் பெயர்ந்தது.

இதில் குறை காண்பதற்கு இல்லை. இலட்சக்கணக்கானவர்கள் குடிக்கும் தண்ணீர் அது. ஆனால் ஒன்றை மட்டும் எண்ண வேண்டும். சுவாமியைப் பாலாலயம் செய்து, முறைப்படி வேறிடத்தில் எழுந்தருளச் செய்ய ஆகமத்தில் வழி உண்டு. முதிர்ந்த தோப்பின் நிழலை எடுத்துச் சென்று வேறிடத்தில் விரிப்பதற்கு எந்த சாத்திரத்திலும் வழி இல்லை. அதை மீண்டும் விதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேப்பிலை எங்கிருந்து வரும்?

ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையத்துப் பவானி அம்மன் சந்நிதியில் கூட்டம் அலைமோதும். கம்சன் கையிலிருந்து விண்ணில் எழுந்த மாயையே இங்கு ஆரணியாற்றங்கரையில் பவானியாக அமர்ந்தாள் என்பது நம்பிக்கை. சனிக்கிழமை இரவே வண்டி கட்டிக்கொண்டு வந்து, கரையோரத் தோப்புகளில் தங்கி, ஞாயிறு விடியலில் பொங்கலிட்டு, வேண்டுதல் நிறைவேற்றித் திரும்பும் குடும்பங்கள் ஆயிரமாயிரம். நோய் தீர்ந்தவர்கள் வேப்பிலையையே ஆடையாக உடுத்திக் கோயிலை வலம் வருவது இந்தத் தலத்துக்கே உரிய சிறப்பான பிரார்த்தனை.

வாரக்கணக்கில் நீளும் இந்தத் திருவிழாவுக்கு எத்தனை வேம்புகளின் கொழுந்து தேவைப்படும்? அத்தனை கொத்துகளும் சுற்றுவட்டார மரங்களிலிருந்துதான் ஒடிக்கப்படுகின்றன. ஒடிக்கப்படும் வேம்பு மீண்டும் தளிர்க்கும். அதில் பாதகம் இல்லை. சாலை அகலப்படுவதற்காகவும் மனைப்பிரிவு போடுவதற்காகவும் அடியோடு போகும் வேம்புதான் திரும்பி வராது. எடுப்பவர் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகுகிறது. நடுபவர் கூட்டம் அவ்வாறு பெருகவில்லை. முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் குடும்பம் தழைக்கும். முதலையே கரைத்துச் செலவழிக்கும் குடும்பத்தின் கதி எல்லோருக்கும் தெரிந்ததே. தோப்பின் கணக்கும் அதுதான்.

சிறுவாபுரிக்குச் செல்லும் வழியிலும் இதைக் காணலாம். சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமைகள் பாலசுப்பிரமணியரைத் தரிசிப்பவர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வருகிறார்கள். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் இறங்கிக் கோயிலுக்கு நடந்து செல்பவர்களும் உண்டு. அந்தப் பக்கமெங்கும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குச் செல்லும் கனரக வாகனங்கள், இரும்பாலைப் புகை, சாலைப் புழுதி. கையில் குழந்தையோடு வரும் தாய் சற்றே நிற்க விரும்பினால், அவளுக்குக் கிடைப்பது பேருந்து நிறுத்தத்துத் தகரக் கூரையின் அனல்தான். மரத்தின் நிழலும் தகரத்தின் நிழலும் பெயரில்தான் ஒன்று. மரம் தன் இலைகளின் வழியே நீராவியை வெளிவிட்டுச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. தகரம் வெயிலை வாங்கிக் கீழே நிற்பவர் தலையில் இறக்குகிறது.

ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளியில், ஆலகால நஞ்சை உண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார் ஈசன். உலகம் உயிர்க்க நஞ்சைத் தாம் ஏற்றவர் அவர். சாலையோர மரமும் அந்தத் தொண்டில் ஒரு சிறு பங்கை ஏற்கிறது. புழுதி அதன் இலையில் தங்குகிறது. நிழல் மனிதனுக்குக் கிடைக்கிறது.

கோயில் வனம் கற்பித்த பாடம்

ஒரு பெரும் காட்டை மீட்பது அரசால்தான் இயலும். ஆனால் சாலையோரத்தில், ஆற்றங்கரையை ஒட்டி, சில சென்ட் நிலத்தில் ஒரு சிறு வனத்தை உண்டாக்க ஓர் ஊரால் இயலும். இதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஜப்பானிய தாவரவியல் அறிஞர் அகிரா மியாவாகி. 1928-இல் பிறந்து 2021-இல் மறைந்தவர். ஜெர்மனியில் ஆய்வு செய்துவிட்டுத் தம் நாடு திரும்பிய அவர், அங்கே ஆதியில் எந்த மரங்கள் வளர்ந்தன என்று தேடினார். எங்கும் பிற்காலத்தில் நடப்பட்ட மரங்களே தென்பட்டன. தேடியதற்கான விடை ஷிண்டோ கோயில்களைச் சுற்றி இருந்த தோப்புகளில் கிடைத்தது. தெய்வத்துக்கு அஞ்சி யாரும் கோடரி வைக்காத அந்தத் தோப்புகளில்தான் அந்த மண்ணுக்கே உரிய மரங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருந்தன. கோயில் வனமே அவருக்குப் பாடநூலாயிற்று.

அவருடைய முறை எளிமையானது. நிலத்தை ஆழமாகக் கொத்தி, தொழு உரமும் மக்கும் குப்பையும் கலந்து வளப்படுத்த வேண்டும். மண்ணுக்குரிய பலவகை மரங்களையும் செடிகளையும் கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் என்ற அளவில் நெருக்கமாக நட வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் விட்டுக் களை எடுத்தால் போதும். பிறகு வனம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சென்னை மாநகராட்சி 2020-ஆம் ஆண்டில், கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த ஓர் இடத்தை இம்முறையில் சிறு வனமாக மாற்றியது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பே, அதே பகுதியில் அடையாற்றை ஒட்டி நிழல் என்னும் தன்னார்வ அமைப்பு நாட்டு மரங்களைக் கொண்டு மரப் பூங்கா ஒன்றை வளர்த்து வந்தது. நெரிசல் மிக்க நகரத்தில் நடந்த காரியம், ஆறும் ஏரியும் புறம்போக்கும் நிறைந்த திருவள்ளூர் மாவட்டத்தில் நடவாமல் போவதற்குக் காரணம் இல்லை.

எங்கே நடுவது, எதை நடுவது?

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. ஆற்றின் நீரோடும் பரப்புக்குள் மரம் நடுவது தவறு; வெள்ளக் காலத்தில் அதுவே தடையாகிக் கரையை உடைக்கும். கரை மேட்டின்மீது நடுவதற்கும் பொறியாளர் ஒப்புதல் வேண்டும். நீர்வளத் துறையினரும் ஊராட்சியும் காட்டும் எல்லைக்கு வெளியே, சாலைக்கும் ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் துண்டு நிலமே இதற்கு ஏற்றது. புறம்போக்கு என்றால் எழுத்து மூலமான அனுமதி பெறாமல் ஒரு குழியும் தோண்டக் கூடாது. அனுமதி இல்லாத நற்பணி, அடுத்த ஆண்டு வேறொருவர் ஆக்கிரமிப்புக்கு வழி திறந்துவிடும்.

மரத் தேர்வு அதைவிட முக்கியம். ஆற்றோரத்துக்கு நீர்மருதும் புங்கனும் நாவலும் இயல்பானவை; அவற்றின் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். இலுப்பை நட்டால் நாளைய தலைமுறை கோயில் விளக்குக்கு எண்ணெய் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வேம்பு, அத்தி, வன்னி, வில்வம், மகிழம், சரக்கொன்றை ஆகியவை வழிபாட்டுக்கும் உதவும், பறவைக்கும் உதவும். சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுங்காட்டு மரங்களான பாலையும் வீரையும் காயாவும் இன்று பெரும்பாலும் கிராமக் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. அங்கிருந்து விதை சேகரித்து நடுவது அந்தக் கோயிலின் பிரசாதத்தை ஊருக்குப் பகிர்வதற்கு ஒப்பாகும். தானாகப் பரவி நிலத்தடி நீரை உறிஞ்சும் சீமைக் கருவேலத்துக்கு மட்டும் அங்கே இடம் இருக்கக் கூடாது.

பூங்கா என்றவுடன் புல்தரை, சிமெண்ட் நடைபாதை, வர்ணம் பூசிய பொம்மைகள் என்று செலவு செய்யும் பழக்கம் வந்துவிட்டது. வழிப்போக்கருக்கு வேண்டியது இவை அல்ல. மண் பாதை ஒன்று, கல் பலகைகள் இரண்டு, குடிநீர்ப் பானை ஒன்று; எஞ்சிய இடமெல்லாம் மரம். அதுவே போதும்.

பொருளுதவிக்கும் வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அந்தப் பணிகளில் ஒன்று. கும்மிடிப்பூண்டிப் பகுதியில் அத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஊராட்சித் தலைவரும் ஊர்ப் பெரியவர்களும் நிலம், அனுமதி, மதிப்பீடு, மூன்றாண்டுப் பராமரிப்புப் பொறுப்பு ஆகிய நான்கையும் தாளில் எழுதிக்கொண்டு அணுகினால் உதவி கிடைக்க வாய்ப்பு உண்டு. இந்த நான்கில் எளிதில் மறக்கப்படுவது கடைசி ஒன்று. நடுவிழாவுக்கு வருபவர் பலர். சித்திரை வெயிலில் குடம் சுமந்து நீர் விடுபவர் சிலரே. கன்று பிழைப்பது அந்தச் சிலரால்தான்.

அன்பின் பெயரால் நேரும் தீங்கு

மரத்துக்குப் பகைவர்கள் மட்டும் தீங்கு செய்வதில்லை. பக்தர்களும் அறியாமல் செய்துவிடுகிறார்கள். தல விருட்சத்தின் அடியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் சிமெண்ட் பூசி, ஓடு பதித்து மேடை கட்டுவது பல கோயில்களில் வழக்கமாகிவிட்டது. பார்ப்பதற்குத் தூய்மை, ஆனால் வேருக்கு நீரும் இல்லை, காற்றும் இல்லை. வேரின்மேல் சூடம் ஏற்றுவதும், பட்டையில் ஆணி அடித்துப் பலகை மாட்டுவதும், நைலான் கயிற்றில் தொட்டில் கட்டிக் கிளையை இறுக்குவதும் இத்தகையவையே. பருத்தித் துணியில் கட்டிய தொட்டில் மழையில் நைந்து தானே உதிரும். நைலான் கயிறு மரம் பருக்கப் பருக்கக் கிளைக்குள் புதைந்து அறுக்கும்.

ஆற்றின் நிலையும் அப்படித்தான். பிரார்த்தனை முடிந்ததும் பழைய துணிகளையும், பூஜைப் பொருள் சுற்றிவந்த நெகிழி உறைகளையும் ஆற்றில் விட்டுவிட்டுப் புதுத்துணி உடுத்திக் கரையேறுவது பாவம் கழிந்ததற்கு அடையாளம் ஆகாது. 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சாவிட்டாலும், எந்தத் தாயின் சந்நிதிக்கு வந்தோமோ அவள் முற்றத்தில் குப்பை போடலாகாது என்னும் எண்ணம் வேண்டும்.

ஆடியில் உதிரும் விதை

இயற்கை செய்துவைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் வேம்பு பழுத்து உதிரும் காலம் பெரும்பாலும் ஆனியும் ஆடியும்தான். வேப்பம் விதைக்கு நெடுநாள் உயிர் தங்காது. உதிர்ந்த சில வாரங்களுக்குள் மண்ணில் இட்டால்தான் நன்கு முளைக்கும். எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றால் பலன் இல்லை. அம்மன் திருவிழாவும், வேப்பம்பழம் உதிர்வதும், விதைப்புக்கு உகந்ததென்று முன்னோர் சொன்ன ஆடிப்பட்டமும் ஒரே மாதத்தில் கூடி வருகின்றன. அதன்பின் இரண்டு மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்து இளங்கன்றைத் தாங்கிக்கொள்கிறது.

ஆகவே, வேண்டுதலுக்காக வேப்பங்கொத்து ஒடிக்கும் குடும்பம், அதே மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களில் ஒரு கைப்பிடி பொறுக்கி எடுத்துச் செல்லலாம். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அந்த வாரத்துக்குள்ளேயே சிறு பைகளில் மண் நிரப்பி ஊன்றலாம். அடுத்த ஆண்டு ஆடிக்குள் அவை நடத்தக்க கன்றுகளாகும். கோயில் நிர்வாகம் இடம் காட்டினால் அங்கே. இல்லையேல் தங்கள் ஊர் ஆற்றோரத்தில், ஏரிக்கரைக்கு வெளியே, பள்ளி வளாகத்தில் நடலாம். பத்துக்கு மூன்று பிழைத்தாலும் போதும்.

திருப்பாசூரில் வெட்டு விழுந்த பிறகே உள்ளே இருந்த இறைவன் தெரிந்தார். ஆற்றங்கரை மரங்களுக்குள்ளும் அவர் இருக்கிறார் என்பதை அறிய இன்னொரு வெட்டு வேண்டியதில்லை. பொங்கல் பானையை இறக்கிவிட்டுத் தோப்பு நிழலில் சற்றே உட்காரும் குடும்பத்துக்கு அது தானே விளங்கும். அந்த நிழலை நட்டவர் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை. அவர் பெற்ற புண்ணியத்தில் ஒரு பங்கை இவ்வாண்டு ஆடியில் எவரும் பெறலாம். அதற்கு வேண்டிய முதலீடு, ஒரு கைப்பிடி விதையும் மூன்று ஆண்டுத் தண்ணீரும்தான்.